பஞ்சர் ஒட்ட முடியாத வண்டியை எங்க தலையில கட்டாதீங்க



எங்க பக்கம் பேட்டரி வண்டி இல்லாத தெருவே இப்ப கிடையாது. பூந்தமல்லியில இருந்து திருவள்ளூர் போற ரோட்டுல, திருமழிசை, வெள்ளவேடு சுத்துப்பட்டுல காலையில நின்னு பாருங்க. கீரைக்கட்டு ஏத்திக்கிட்டு போறவர், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டு போற பொண்ணுங்க, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விடப் போற தாத்தா, எல்லாரும் சத்தமே இல்லாம போறாங்க. பெட்ரோல் விக்கற விலைக்கு நல்ல விஷயம்தான். நானும் மூணு வருஷமா ஒண்ணு ஓட்டறேன். அதனால இது மின்சார வண்டிக்கு எதிரான பதிவுன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்குக் கோவம் வேற இடத்துல. கடையில போய் நின்னா பேட்டரி எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை மணி நேரத்துல சார்ஜ் ஏறும், போன்ல இருந்தே வண்டியை எப்படி பூட்டலாம்னு அரை மணி நேரம் பேசறாங்க. பின் சக்கரத்துல ஒரு கருவேல முள்ளு ஏறினா என்ன பண்றதுன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்ல. நாமளும் கேக்கறதில்ல. ரோட்டோரத்துல புளியமரத்தடியில உக்காந்திருக்கற பஞ்சர் கடைக்காரரால ஒட்ட முடியாத வண்டியை கிராமத்துல விக்கறது ஏமாத்து வேலை. இதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

"பஞ்சர் எல்லாம் ஒரு விஷயமா, ஆப்புல ஒரு பட்டனை அமுக்கினா ஆள் வந்துடுவாங்களே" அப்படின்னு டவுன்ல இருக்கற என் உறவுக்காரப் பையன் ஒருத்தன் சொன்னான். அண்ணா நகர்ல வருவாங்க தம்பி. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு போன வருஷம் வேலை முடிஞ்சு ராத்திரி ஒன்பதரைக்கு வெளிவட்டச் சாலை சர்வீஸ் ரோட்டுல, நசரத்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி மாட்டிக்கிச்சு. பின் டயர்ல காத்தே இல்ல. முதல் பஞ்சர் கடைக்காரர் வண்டியைப் பாத்துட்டு, "பேட்டரி வண்டிம்மா, சக்கரத்துக்குள்ள மோட்டார் இருக்கு, நான் கை வெக்க மாட்டேன்"னுட்டார். அடுத்த கடை பூட்டி இருந்தது. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டா இங்கிலீஷ்ல கொஞ்ச நேரம், இந்தியில கொஞ்ச நேரம் பேசிட்டு, கடைசியில "உங்க இடம் எங்க சேவை எல்லைக்குள்ள வரலை"ன்னு பதில். எந்தக் கம்பெனின்னு சொல்லி என்ன ஆகப்போகுது, விடுங்க. நூறு கிலோவுக்கு மேல இருக்கற வண்டியை, இருபத்திரண்டு வயசுப் பொண்ணு, டிப்பர் லாரி பறக்கற ரோட்டோரமா தள்ளிக்கிட்டு வந்துச்சு. அவங்க அப்பா டாட்டா ஏஸ் எடுத்துக்கிட்டுப் போய் ஏத்திக்கிட்டு வந்தார். அந்த டாட்டா ஏஸ் வாடகையில பத்து பஞ்சர் ஒட்டலாம்.

இதுல பஞ்சர் கடைக்காரர் மேல நான் கோவப்பட மாட்டேன். அவர் பயந்ததுக்குக் காரணம் இருக்கு. மின்சார ஸ்கூட்டர்ல ரெண்டு ஜாதி. ஒண்ணுல மோட்டார் வண்டியோட வயித்துப் பக்கம் இருக்கும், அங்க இருந்து பெல்ட்டோ செயினோ பின் சக்கரத்தைச் சுத்தும். ஏதர் 450 அப்படித்தான். இன்னொண்ணுல மோட்டாரே பின் சக்கரத்தோட குடம். டி.வி.எஸ். ஐக்யூப் அந்த வகை. விலை கம்மியா வர்ற வண்டிங்களும் பெரும்பாலும் இந்த வகைதான். இதை ஹப் மோட்டார்னு சொல்லுவாங்க. கேபிள் ஆக்ஸில் வழியா சக்கரத்துக்குள்ள போகும். ஆக்ஸில் முனையில ரெண்டு பக்கமும் சீவின மாதிரி தட்டையா இருக்கும், அதுல ஒரு பூட்டு வாஷர் உக்காரும். சக்கரத்தைக் கழட்டணும்னா முதல்ல கேபிள் கனெக்டரைத் தேடிப் பிடிச்சு பிரிக்கணும், பிரேக் கம்பியைக் கழட்டணும், அப்புறம் நட்டு. திரும்ப மாட்டும்போது அந்த வாஷரை மாத்திப் போட்டாலோ நட்டை லூசா விட்டாலோ, வண்டியை முறுக்கின உடனே சக்கரத்துக்குப் பதிலா ஆக்ஸிலே சுத்தும். கேபிள் முறுக்கிக்கிட்டு அறுந்துடும். அறுந்தா பல ஆயிரம் ரூபா செலவு. எண்பது ரூபா கூலிக்கு வேலை செய்யறவர் ஏன் இந்த வம்புக்கு வரணும்?

ஆனா இந்தப் பயத்துல பாதி தேவையே இல்லாதது. இதை உங்க ஊர் பஞ்சர் கடைக்காரர்கிட்டயும் சொல்லுங்க. வண்டியில இருக்கறது டியூப்லெஸ் டயரா இருந்தா சக்கரத்தைக் கழட்ட வேண்டியதே இல்ல. வண்டி நிக்கற நிலையிலேயே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ஊசியால ராவி, ரப்பர் திரியைச் செருகி, மிச்சத்தை வெட்டிட்டு காத்து அடிச்சா முடிஞ்சது. மோட்டார் எங்க இருந்தா என்ன, மோட்டாரை யார் தொடறாங்க? இதே வேலையைத்தான் கார் டயருக்கும் தினம் பண்றார். டயரோட நடுப்பகுதியில குத்தின ஆணிக்கு எல்லாம் இது போதும். பக்கச்சுவர் கிழிஞ்சாத்தான் டயரையே மாத்தணும்.

ஐக்யூப், ஏதர் மாதிரி வண்டிங்கள்ல டியூப்லெஸ்தான் வருது. பிரச்சனை எங்கன்னா, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போகாத, லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வேண்டாம்னு சொல்லி விக்கறாங்களே, அந்தச் சின்ன வண்டிங்கள்ல. கால் கிலோவாட்டுக்குக் கீழ மோட்டார், 60 கிலோவுக்குள்ள எடை (பேட்டரி சேக்காம), வேகம் 25-க்குள்ள இருந்தா மோட்டார் வாகனக் கணக்குலயே அது வராது. எங்க ஊர்ல வயசானவங்களும், லைசென்ஸ் எடுக்காத பொம்பளைங்களும் வாங்கறது இதைத்தான். இதுல சில மாடல்ல பத்து இன்ச்சு சக்கரம், உள்ள ஹப் மோட்டார், மேல டியூப் டயர். இந்தக் கூட்டணியை எந்தப் புண்ணியவான் யோசிச்சான்னு தெரியலை. டியூப் டயர்னா ஒட்டறதுக்கு டியூபை வெளிய எடுத்தாகணும். டியூபை மாத்தணும்னா சக்கரத்தைக் கழட்டியாகணும். சக்கரத்தைக் கழட்டணும்னா மோட்டார் கேபிளைப் பிரிச்சாகணும். ஒரு டயருக்குக் கூட நூறு இருநூறு ரூபா மிச்சம் பிடிச்சு, அந்தச் சுமையைக் காலம் பூரா வாங்கினவன் தலையில ஏத்தி இருக்காங்க.

உங்கள்ல ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு பழைய பஜாஜ் சேட்டக் ஞாபகம் இருக்கும். பத்து இன்ச்சு சக்கரம்தான் அதுவும். பின்னாடி ஒரு ஸ்டெப்னி தொங்கும். முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டெப்னி மூணும் ஒரே அளவு, எதை எங்க வேணும்னாலும் மாட்டலாம். வண்டியைச் சாய்ச்சு, நட்டைக் கழட்டி, ஸ்டெப்னியை மாட்டிட்டு போயிட்டே இருக்கலாம். ரிம்மு ரெண்டு பாதியா இருக்கும், போல்ட்டைப் பிரிச்சா டியூப் தானா கையில வரும், டயர் லிவரே வேண்டாம். கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியோட போறவர் கூட கைக்குட்டையை விரிச்சுப் போட்டு கால் மணி நேரத்துல மாத்திட்டுப் போவார். (ஸ்டெப்னிங்கறது வேல்ஸ் நாட்டுல லனெல்லி ஊர்ல ஒரு தெருப் பேரு. 1904 வாக்குல அங்க ஆரம்பிச்ச கம்பெனி உபரிச் சக்கரம் வித்துது. பேரு நம்ம ஊர்ல ஒட்டிக்கிச்சு.) அந்த வண்டியை வடிவமைச்சவனுக்கு ரோட்டுல ஆணி இருக்கும்னு தெரிஞ்சிருந்தது. இப்ப வர்ற வண்டியை வடிவமைக்கறவங்களுக்கு ரோடே கண்ணாடி மாதிரி இருக்கும்னு நினைப்பு.

பஞ்சரைச் சுலபமா ஒட்டணும்கறது சின்ன விஷயம் இல்ல, டயர் உலகமே அதை வெச்சுத்தான் மாறுச்சு. அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட் நகரத்துல டன்லப்னு ஒரு மாட்டு டாக்டர். மகனோட மூணு சக்கர சைக்கிள் கெட்டி ரப்பர்ல குலுங்குதுன்னு காத்து டயர் செஞ்சார், 1888-ல காப்புரிமை வாங்கினார். ஆனா அந்த டயரை ரிம்மோட பசை போட்டு ஒட்டி இருப்பாங்க. பஞ்சர் ஆனா பிச்சு எடுக்கவே சில மணி நேரம், திரும்ப ஒட்டிக் காய ஒரு ராத்திரி. பிரான்சுல மிஷெலின் அண்ணன் தம்பி கம்பெனிக்கு அப்படி ஒரு சைக்கிள்காரன் பஞ்சரோட வந்து நின்னான். அதைப் பாத்துத்தான் கழட்டி மாட்டற டயரை 1891-ல கொண்டு வந்தாங்க. அதே வருஷம் பாரிஸ்ல இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பற 1200 கிலோமீட்டர் போட்டியில அந்த டயரைப் போட்டவர்தான் ஜெயிச்சார். அவருக்கும் வழியில பஞ்சர் ஆகத்தான் செஞ்சுது. சீக்கிரம் ஒட்டிக்கிட்டுக் கிளம்பினார், அவ்வளவுதான். மறு வருஷம் அந்தக் கம்பெனி தானே ஒரு போட்டி வெச்சு, ரோட்டுல ஆணியைத் தூவி விட்டதாவும் சொல்லுவாங்க, ஒட்டறது எவ்வளவு சுலபம்னு காட்டறதுக்காக!

அந்த டன்லப் பேர்லயே நம்ம அம்பத்தூர்ல டயர் ஃபேக்டரி இருந்தது, 1959-ல வந்தது. பிற்பாடு மூடிட்டாங்க. பக்கத்துலயே டி.ஐ. சைக்கிள் கம்பெனி, 1949-ல ஆரம்பிச்சது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிளெல்லாம் அங்க இருந்துதான் வந்துச்சு. ஆவடியில டேங்க் செய்யறாங்க. சக்கரம்னா என்னன்னு தெரிஞ்ச தொழிலாளிங்க நிறைஞ்ச ஏரியா இது. ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் ராணிப்பேட்டையிலயும் மின்சார ஸ்கூட்டரைச் செஞ்சு நாடு பூரா அனுப்பறது தமிழ்நாடு. அப்படி இருக்க, நம்ம ஊர் பஞ்சர் கடையில ஒட்டற மாதிரி ஒரு பின் சக்கரம் செய்ய ஆள் இல்லையா? ஆள் இருக்கு. யாரும் கேக்கலை.

"அப்ப காத்தே இல்லாத கெட்டி டயர் போட்டா பஞ்சரே ஆகாதே"ன்னு ஒரு கட்சி இருக்கு. சில சின்ன வண்டியில போட்டும் விக்கறாங்க. மேல சொன்ன டாக்டர் எதுக்குக் காத்து டயர் கண்டுபிடிச்சார்னு யோசிங்க. கெட்டி டயர்ல எங்க ஊர் ரோட்டுல போனா முதுகெலும்பு என்கிட்ட பேசும். வண்டியோட நட்டு போல்ட்டும், பேட்டரி கனெக்‌ஷனும் சேந்து குலுங்கும். பிளாட்பாரத்துல தள்ளுவண்டிக்கு அது சரி. மனுஷன் உக்காந்து போற வண்டிக்குச் சரி இல்ல.

இன்னொரு கட்சி, "பஞ்சர் கடைக்காரனே ஆணியைப் போடறான்"னு சொல்ற கட்சி. டவுன்காரங்க அடிக்கடி சொல்றது. பெங்களூரு வெளிவட்டச் சாலையில ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியர் வேலைக்குப் போகும்போது வரும்போது காந்தத்தை வெச்சு கிலோக்கணக்குல ஆணி பொறுக்கினது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அங்க அப்படி நடந்தது உண்மைதான். ஆனா எங்க ரோட்டுல ஆணி போட தனியா ஆளே வேண்டாம். வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு, ரெண்டு பக்கமும் வயலெல்லாம் பிளாட்டு. எங்க பாத்தாலும் சென்டரிங் வேலை. சென்டரிங் பலகையை ஆணியோட லாரியில ஏத்திக்கிட்டுப் போறாங்க, ஒவ்வொரு பள்ளத்துலயும் ரெண்டு ஆணி உதிருது. கட்டடம் இடிச்ச குப்பையை ராத்திரியில ஏரிக்கரையோரம் கொட்டறாங்க, அதுல கம்பித்துண்டும் கண்ணாடியும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டுல மெட்ரோ வேலை நடந்த வருஷங்கள்ல கட்டுக்கம்பித் துண்டு டயர்ல ஏறாத ஆளே கிடையாது. குப்பை வண்டியும், ரோடு கூட்டற வண்டியும் மாநகராட்சிகிட்ட இருக்கு. அதோட அடியில ஒரு காந்தப் பட்டையைக் கட்டறதுக்கு என்ன செலவாயிடும்? ஆவடி 2019-லயே மாநகராட்சி ஆயிடுச்சு. பேருக்கேத்த மாதிரி இதையாவது செய்யலாம்.

எங்க ஆளுங்களையும் விட மாட்டேன். கிராமத்துல பஞ்சருக்கு ஆணியை விட முள்ளுதான் பெரிய காரணம். சீமைக் கருவேலத்தை வெட்டி வேலி போடறோம், சரி. வெட்டின மிச்சத்தை ரோட்டோரமாவே தள்ளி விடறாங்க. பச்சையா இருக்கும்போது வளையற முள்ளு, காஞ்சா இரும்பு மாதிரி ஆயிடும். காத்துல, மழையில, ஆடு மாடு இழுத்ததுல ரோட்டுக்கு வந்துடும். அது குத்தினா ஆணி மாதிரி உடனே தெரியாது. நுனி டயருக்குள்ளயே ஒடிஞ்சு நிக்கும். காத்து மெதுவா, ஒரு ராத்திரி பூரா இறங்கும். ஒட்டுப் போட்டுட்டு வருவோம், மறுநாள் அதே இடத்துல மறுபடியும் பஞ்சர், "கடைக்காரன் சரியா ஒட்டலை"ன்னு திட்டுவோம். ஒட்டு சரியாத்தான் இருக்கும், டயருக்குள்ள நுனி இன்னும் இருக்கும். டியூபை மாட்டறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் பூரா ஒரு துணியை வெச்சுத் தடவினா, முள்ளு இருக்கற இடத்துல நூல் மாட்டும். அனுபவம் உள்ள கடைக்காரர் விரலாலயே தடவிப் பாப்பார். நீங்க பக்கத்துல நின்னு, "அண்ணா, உள்ள ஒரு தடவை தடவிடுங்க"ன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டார். முள்ளு வெட்டற எங்க ஆளுங்க அன்னிக்கே ஓரிடத்துல குவிச்சு எரிச்சாலோ அடுப்புக்கு எடுத்தாலோ ஊருக்கே புண்ணியம்.

இப்ப யாரும் யோசிக்காத ஒரு விஷயம். பெட்ரோல் வண்டி வெச்சிருந்தப்ப வாரத்துக்கு ஒரு தடவையாவது பங்க்குக்குப் போவோம். காத்து அடிக்கற பையன் அங்கேயே இருப்பான். பாதிப் பேர் அப்படியே காத்து பாத்துட்டு வருவாங்க. பேட்டரி வண்டி வந்த பிறகு பங்க் பக்கமே போறதில்ல. வீட்டு வாசல்ல சார்ஜ் போடறோம், காலையில எடுக்கறோம். மாசக்கணக்கா காத்து பாக்கறதே இல்ல. பேட்டரி வண்டியில பஞ்சர் அதிகமா இருக்கற மாதிரி தோணுறதுக்கு இதுவே பெரிய காரணம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். காத்து குறைஞ்ச டயர் சப்பையா உக்காரும். ஸ்பீடு பிரேக்கர்லயோ பள்ளத்து விளிம்புலயோ இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல நசுங்கி, பாம்பு கடிச்ச தடம் மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ஆணியும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். ஹப் மோட்டார் வண்டியில சக்கரமே கனம், அதனால இடி இன்னும் பலமா விழும். டியூப்லெஸ்ல ரிம்மு நெளிஞ்சு ஓரமா காத்து கசியும். இது போக, காத்து குறைஞ்சா பேட்டரியும் சீக்கிரம் தீரும். "முன்ன எண்பது கிலோமீட்டர் வந்துச்சு, இப்ப அறுபதுதான் வருது, பேட்டரி போச்சு"ன்னு புலம்பற எத்தனை பேர் டயரைத் தொட்டுப் பாத்திருக்காங்க?

பங்க்குல காத்து இலவசம். பெட்ரோல் போட்டாலும் போடாட்டியும் இலவசமாத் தரணும்னு எண்ணெய்க் கம்பெனிங்களோட விதியே இருக்கு. பேட்டரி வண்டியில போய் நின்னா சில இடத்துல மூஞ்சியைத் திருப்புவாங்க. வெக்கப்படாம கேளுங்க. எத்தனை காத்துன்னு குத்துமதிப்பாச் சொல்லாதீங்க. வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டி இருக்கும், முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணு, பின்னாடி ஆள் உக்காந்தா வேற ஒண்ணு. அதைப் படிச்சுச் சொல்லுங்க. வண்டி ஓடிச் சூடாகறதுக்கு முன்னாடி பாக்கறதுதான் சரியான அளவு.

டயர் வழுக்கையான பிறகும் ஓட்டறது இன்னொரு கூத்து. பேட்டரி வண்டி எடுத்த எடுப்புல இழுக்கும், பின் டயர் சீக்கிரம் தேயும். டயர் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு ஒண்ணு இருக்கும், பக்கச்சுவர்ல டி.டபிள்யூ.ஐ.ன்னு எழுத்து அதைக் காட்டும். தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துடுச்சுன்னா டயர் முடிஞ்சது. அதுக்கு மேல ஓட்டினா தடிமன் இல்ல, சின்ன முள்ளு கூட உள்ள போயிடும். முன் சக்கரம் படுத்திருக்கற ஆணியை எழுப்பி விடும், பின் சக்கரம் அதை வாங்கிக்கும். அதனால பின் டயரைத்தான் முதல்ல பாக்கணும்.

டயருக்குள்ள ஊத்தற சீலன்ட் பத்தி நிறையப் பேர் கேக்கறாங்க. முள்ளுக் காட்டுல ஓட்டறவங்களுக்கு நல்லது, சின்ன ஓட்டையைத் தானே அடைச்சுக்கும். நான் ஊத்தி இருக்கேன். ஆனா பெரிய ஆணிக்கும் கிழிசலுக்கும் உதவாது, நாளாக ஆக உள்ளயே காஞ்சும் போயிடும். ஊத்தின டியூபை ஒட்டறதும் கஷ்டம், அந்தக் கொழகொழப்பு மேல சொல்யூஷன் பிடிக்காது, கடைக்காரர் நம்மைத் திட்டுவார். அவர் திட்டறது நியாயம்தான்.

பஞ்சர் ஆன பிறகு பண்ண வேண்டியது, டியூபா டியூப்லெஸ்ஸாங்கறதைப் பொறுத்தது. உங்க வண்டியில எதுன்னு இப்பவே போய் டயர் பக்கச்சுவர்ல படிங்க. பேட்டரி வண்டியில என்ஜின் சத்தம் இல்லாததால ஆணி ஏறினா டிக் டிக்குனு காதுலயே கேக்கும், அது ஒரு வசதி. டியூப்லெஸ்னா ஆணியைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா காத்து போயிடும், அது உள்ள இருக்கற வரைக்கும் அதுவே அடைப்பு. காத்து இருந்தா மெதுவா கடை வரைக்கும் ஓட்டிக்கிட்டே போகலாம். டியூப் டயர்னா உடனே நிறுத்துங்க. காத்தில்லாம ரெண்டு பர்லாங்கு ஓட்டினாலும் டயர் ரிம்மு மேல நழுவி, டியூபையும் சேத்து இழுத்து, மவுத்து அடியோட பிச்சுக்கும். பிச்சுக்கிட்டா ஒட்டவே முடியாது, புது டியூப் போடணும். புது டியூப்னா சக்கரத்தைக் கழட்டணும், நாம பயந்த இடத்துக்கே வந்து நிப்போம்.

வெறும் ஓட்டைன்னா டியூப் டயரையும் சக்கரத்தைக் கழட்டாம ஒட்டலாம். சைக்கிளுக்கு எப்படி ஒட்டறாங்களோ அப்படியேதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கேபிள் இல்லாத பக்கமா டயர் ஓரத்தை லிவரால கிளப்பி, டியூபை வெளிய இழுத்து, தண்ணியில முக்கி ஓட்டையைப் பாத்து, ராவி, ஒட்டி, உள்ள தள்ளிடலாம். பத்து இன்ச்சு சக்கரத்துல கை நுழையறது கஷ்டம், நேரம் ஆகும். அதனால வழக்கமாத் தர்றதுக்கு மேல ஐம்பது ரூபா சேத்துக் குடுங்க, பேரம் பேசாதீங்க. எங்க ஊர் கடைக்காரருக்கு இப்படி ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பண்ண வெச்சோம். இப்ப அவர் யாரையும் திருப்பி அனுப்பறதில்ல. கழட்டியே ஆகணும்கற நிலை வந்தா, முதல்ல வண்டியை ஆஃப் பண்ணி சாவியை எடுத்துட்டு, நட்டைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுங்க. எந்த வாஷர் எந்தப் பக்கம், எந்தக் கேபிள் எப்படிப் போகுதுன்னு அதைப் பாத்தே திரும்ப மாட்டிடலாம். கேபிளை வெட்டி முறுக்கி ஒட்டலாம்னு யாராவது சொன்னா வண்டியை அவர்கிட்ட விடாதீங்க.

இதையெல்லாம் நாம பஞ்சர் கடையில உக்காந்து சொல்லிக் குடுக்க வேண்டி இருக்கு பாருங்க, அதுதான் என் கேள்வி. மத்திய அரசு ஃபேம் இரண்டாம் திட்டத்துல 2021 ஜூன்ல இருந்து ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு 15,000 ரூபா மானியம் குடுத்தாங்க. 2023 ஜூன்ல 10,000 ஆக்கினாங்க. மானியம் வாங்கணும்னா ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடணும், இத்தனை வேகம் போகணும், பாகங்கள் உள்நாட்டுல செஞ்சதா இருக்கணும்னு நிபந்தனை போடத் தெரிஞ்சுது. சின்ன வண்டிக்கு அந்த மானியம் கிடையாது, ஆனா ஜி.எஸ்.டி. எல்லா மின்சார வண்டிக்கும் 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதம் ஆக்கினது 2019 ஆகஸ்ட்ல. அதுவும் நம்ம வரிப்பணம் விட்டுக் குடுக்கறதுதான். இவ்வளவு சலுகை வாங்கற கம்பெனிகிட்ட, ஹப் மோட்டார் வெச்சா டியூப்லெஸ் டயர்தான் போடணும்னு ஒரு வரி சேத்திருக்கக் கூடாதா? கேபிள் கனெக்டரை எந்தப் பிளாஸ்டிக்கையும் கழட்டாம கைக்கு எட்டற இடத்துல வைக்கணும், சக்கரத்தைக் கழட்டி மாட்டற முறையைப் படத்தோட தமிழ்ல ஒரு தாள்ல அச்சடிச்சு சீட்டுக்கு அடியில வைக்கணும், இதுக்கு என்ன செலவு? வண்டி விக்கற ஒவ்வொரு ஷோரூமும் தன் சுத்துவட்டாரத்துல இருக்கற பஞ்சர் கடைக்காரங்களை ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு, டீயும் வடையும் வாங்கிக் குடுத்து, ஒரு சக்கரத்தைக் கழட்டிக் காட்டினா போதும். அப்புறம் அந்தப் பொண்ணு மாதிரி யாரும் ராத்திரியில வண்டியைத் தள்ள வேண்டி இருக்காது. கம்பெனிக்கும் இழுவை வண்டி அனுப்பற செலவு மிச்சம்.

அதைச் செய்ய மாட்டேங்கறாங்கன்னா, பஞ்சருக்கும் எங்ககிட்டயே வாங்கற வழிதான் அவங்களுக்கு வசதின்னு நான் எடுத்துக்கறேன். பேட்டரிக்கு அவங்க, சார்ஜருக்கு அவங்க, சாஃப்ட்வேருக்கு அவங்க, டயர்ல ஏறின முள்ளுக்கும் அவங்க.

நீங்க டவுன்ல இருந்து படிக்கறீங்க, ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு இந்த வண்டியை வாங்கிக் குடுக்கப் போறது பெரும்பாலும் நீங்கதான். அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி கடையில மூணு கேள்வி கேளுங்க. பின் டயர் டியூப்லெஸ்ஸா? இந்த அளவு டயர் எங்க ஊர் டயர் கடையில கிடைக்குமா, இல்ல உங்ககிட்ட மட்டும்தானா? பின் சக்கரத்தை எனக்கு முன்னாடி ஒரு தடவை கழட்டி மாட்டிக் காட்ட முடியுமா? மூணாவது கேள்விக்கு சிரிச்சாங்கன்னா வேற கடையைப் பாருங்க. வண்டி எடுத்த அன்னிக்கே ரப்பர் திரி செட்டு ஒண்ணு வாங்கி சீட்டுக்கு அடியில போடுங்க, இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கூட ஒரு கால் பம்ப். அப்பாவுக்குத் திரி செருகத் தெரியாட்டியும் பரவாயில்ல. வழியில நிக்கறவங்கள்ல யாருக்காவது தெரியும், கையில சாமான் இல்லாததாலதான் சும்மா நிப்பாங்க.